தீபத் திருநாளும் காய்கறிச் சோறும்

கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலையில் நடைபெறும் தீபத் திருவிழாவில், அதிகாலையில் கோயிலுள் பரணி தீபமும், அந்தி வேளையில் 2668 அடி உயர மலையுச்சியில் மகாதீபமும் ஏற்றப்படுகின்றன. 14 கிலோமீட்டர் மலைவலப் பாதையில் நடந்துவரும் அடியார்களுக்கு உணவளிப்பது தொன்றுதொட்டு வரும் அறமாகும். புளியோதரை, தயிர்ச்சோறு ஆகியவற்றோடு பிரிஞ்சி எனப்படும் காய்கறிச் சோறும் இப்போது பலராலும் விரும்பி உண்ணப்படுகிறது.

இவ்வறத்தில் நம் சங்கங்கள் ஈடுபடுவது மிகப் பொருத்தமே. ஆரணி வட்டாரத்தில் பட்டுத் தறியும் நெல் வயலும் அருகருகே உள்ளன. அரிசியும் காய்கறியும் விவசாய உறுப்பினரிடமிருந்தே நேராக வாங்கலாம். ரசீது பெற்றுக் கணக்கில் பதிவதும் எளிது. ஆயினும், நெசவாளர் ஒரு நாள் தறியை நிறுத்தித் தரும் பணத்தில் ஆகும் சோறு வீணாகாமலும், உண்பவருக்குத் தீங்கு செய்யாமலும் இருத்தல் வேண்டும்.

ஏறத்தாழ 50 பேருக்கு அரிசி 5 கிலோ, காரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, பட்டாணி ஆகியவை சேர்ந்து 3 கிலோ, தேங்காய் 6 எனக் கொள்ளலாம். சீரகச் சம்பா மணமுள்ளது. விலை மிகுதியெனில் பழைய பச்சரிசி போதும். புத்தரிசி குழைந்துவிடும். அரிசியை இருபது நிமிடம் ஊறவைத்து வடிக்கவும். எண்ணெயும் சிறிது நெய்யும் காய்ந்ததும் பிரிஞ்சி இலை, பட்டை, கிராம்பு, ஏலம் ஆகியவற்றைப் பொரித்து, இஞ்சி, பச்சை மிளகாய், புதினா, தக்காளி சேர்த்து வதக்கவும். விரதமிருப்போர்க்கு வெங்காயமும் பூண்டும் விலக்கத்தக்கவை. பின்னர்க் காய்களைச் சேர்த்துக் கிளறி, ஊறுமுன் அரிசியை அளந்த படியாலேயே, தேங்காய்ப்பாலும் நீருமாக ஒரு படிக்கு ஒன்றே முக்கால் படி ஊற்றி உப்பிடவும். கொதித்தபின் அரிசியைப் போட்டு, நீர் வற்றியதும் விறகை இழுத்துத் தணலை மூடிமேல் பரப்பி, கால் மணி நேரம் தம்மில் வைத்தால் சோறு உதிரியாக அமையும்.

இனிக் கவனிக்க வேண்டியது நேரம். அரிசியில் இயல்பாக உள்ள பாசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதிநீரிலும் அழிவதில்லை. சோறு ஆறிக் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை விளைவிக்கும் அந்நஞ்சு மறுபடி சுடவைத்தாலும் நீங்காது. தேங்காய்ப்பால் சேர்ந்த சோறு விரைவில் புளித்தும்விடும். எனவே, விடியலில் ஒரே அண்டாவில் சமைத்து இரவு வரை பரிமாறுவது கூடாது.

தீபம் கண்டபின்னரே உண்பவர் பலர் ஆதலால், கூட்டம் மாலை ஆறு மணிக்குமேல் பெருகும். நடுப்பகலுக்கு ஒன்று, மாலைக்கு ஒன்று எனச் சிறு சிறு அண்டாக்களாக ஏற்றுவதே சிக்கனமும் பாதுகாப்பும் ஆகும். ஒவ்வொன்றும் இறக்கிய நேரத்தைச் சுண்ணக்கட்டியால் அதன்மேல் எழுதி, தணல்மீது சூடு குறையாமல் வைக்கவும். ஆறியதையும் மிஞ்சியதையும் மனிதர்க்கு இடலாகாது. மலைவலப் பாதையில் உணவளிக்க முன் அனுமதி பெறவேண்டும். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் தடை செய்யப்பட்டுள்ளன. தையல் இலையே தக்கது.

அனுமதி பெறுதல், கொள்முதல், சமையல், நேரக் கண்காணிப்பு ஆகிய நான்கையும் நான்கு உறுப்பினரிடம் முன்னதாகவே ஒப்படைத்துச் சங்கங்கள் தீர்மானம் செய்துகொள்ளுதல் நலம். அளவும் நேரமும் தவறாத அண்டாவில் அறமும் கணக்கும் ஒருங்கே நிலைபெறும்.