குரல் மாறினால் பாட்டும் மாறும்

பெத்லகேம் என்றதும் இயேசு பிறந்த ஊர்தான் நம் நினைவுக்கு வரும். மெட்டல் இசைப் பிரியர்களுக்கோ அது ஒரு ஜெர்மானிய இசைக்குழுவின் பெயரும்கூட. பெயரில்தான் புனிதம், பாடுவதெல்லாம் இருட்டைப் பற்றி.

ஜெர்மனியின் மேற்குப் பகுதியில், கொலோன், டுசல்டோர்ஃப் நகரங்களுக்கு அருகில் இருக்கிறது கிரேவன்புரோக். பழுப்பு நிலக்கரிக்கும் மின்நிலையங்களுக்கும் பேர்போன வட்டாரம் அது. அங்கேதான் 1991இல் பாஸ் கிட்டார் கலைஞர் யூர்கன் பார்ட்ஷும் கிட்டார் கலைஞர் கிளாவ்ஸ் மாட்டனும் இந்தக் குழுவைத் தொடங்கினார்கள்.

முதல் ஆல்பம் 1994இல் வந்தது. பெயர் ‘டார்க் மெட்டல்’. வேகமே பெருமை என்று பல மெட்டல் குழுக்கள் விரைந்துகொண்டிருந்த காலத்தில், இவர்கள் பல இடங்களில் நிதானமாக, கனமாக வாசித்தார்கள். ஆல்பத்தின் தலைப்பே பிறகு ஓர் இசைப் பாணியின் பெயராக நிலைத்துவிட்டது.

அப்படி ஒரு பெயர் கிடைத்தால் அதையே பிடித்துக்கொண்டு காலம் தள்ளலாம். பெத்லகேம் அப்படிச் செய்யவில்லை. 1996இல் வந்த ‘டிக்டியஸ் தே நெகாரே’ ஆல்பத்தில் ஆங்கிலத்தை விட்டு ஜெர்மன் மொழிக்கு மாறியது. பாடகரும் மாறினார். புதிதாக வந்த ரைனர் லாண்ட்ஃபெர்மன் பாடினார் என்பதைவிட அலறினார், அழுதார், ஓலமிட்டார் என்பதே பொருந்தும். கேட்க முடியவில்லை என்று காதைப் பொத்தியவர்களும் உண்டு. இதற்கு ஈடில்லை என்று கொண்டாடியவர்களும் உண்டு. அவர் குழுவோடு பாடிய ஆல்பம் அது ஒன்றுதான். 1997இல் ஹார்மனி கோரின் இயக்கிய ‘கம்மோ’ என்ற அமெரிக்கப் படத்தில் பெத்லகேமின் இசை ஒலித்தது.

மூன்றாவது ஆல்பத்தில் மார்கோ கேரன் பாடினார். 2001இல் வந்த ‘ஷாட்டன் அவுஸ் டெர் அலெக்சாண்டர் வெல்ட்’ ஆல்பத்தில் வானொலி நாடகம் போன்ற பகுதிகளும் மின்னணு ஒலிகளும் புகுந்தன. 2004இல் வந்த ‘மைன் வேக்’ கோதிக் ராக் இசையை நெருங்கியது. தலைப்பின் பொருள் ‘என் பாதை’. பழைய அலறலைத் தேடி வந்த ரசிகர்களுக்கு அந்தப் பாதை புதிது.

2009இல் ஒரு வித்தியாசமான முயற்சி நடந்தது. மூன்றாவது ஆல்பத்தின் பாடல்களை, சுவீடனின் ‘ஷைனிங்’ குழுவைச் சேர்ந்த நிக்லாஸ் குவார்ஃபோர்த்தின் குரலில் மறுபடியும் பதிவு செய்தார்கள். ஒரே ராகத்தை இரு வித்வான்கள் பாடும்போது நமக்கு இரு முகங்கள் தெரிவது போலத்தான் இதுவும். 2016இல் ஓனியெலார் என்ற பெண் பாடகி வந்தார். அவருடைய கரகரத்த கூச்சல் குழுவைப் பழைய சீற்றத்துக்குத் திருப்பியது. 2019இல் வெளிவந்த ‘லேபே டிஷ் லேயர்’ ஆல்பத்திலும் அவரே பாடினார்.

இத்தனை மாற்றத்திலும் மாறாதவை இரண்டு: பார்ட்ஷ், அவர் எடுத்துக்கொண்ட பொருள். மரணம், மனச்சோர்வு, நம்பிக்கை இழந்த மனம் ஆகியவற்றையே இந்தப் பாடல்கள் சுற்றி வருகின்றன. குடும்பத்தோடு கூடத்தில் அமர்ந்து கேட்கும் இசை இல்லை இது. வீட்டுப் பிள்ளை இப்படிப்பட்ட பாட்டைக் கேட்டால் உடனே பதற வேண்டியதில்லை. கண்டும் காணாமல் இருக்கவும் வேண்டாம். இதில் உனக்கு என்ன பிடித்திருக்கிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். பிள்ளையின் மனம் எப்படி இருக்கிறது என்பதும் அந்தப் பதிலில் தெரியக்கூடும்.

புதிதாகக் கேட்க விரும்பும் இளையர்கள் 1994ஆம் ஆண்டு ஆல்பத்திலிருந்து தொடங்கலாம். அடுத்து 2004, பிறகு 2016. மூன்றும் ஒரே குழுவா என்ற சந்தேகம் வரும். கீழே ஓடும் பாஸ் கிட்டாரைக் கவனியுங்கள். மூன்றிலும் அதை வாசிப்பவர் பார்ட்ஷ்தான்.