ஓர் ஊரில் கட்டியதை மறு ஊரில் கட்டலாமா?



தோட்டத்து லயத்தில் பல ஆண்டுகள் வாழ்ந்தவர்கள், ஓய்வுபெறும் காலத்தில் ஊழியர் சேமநிதிப் பணத்தைக்கொண்டு பக்கத்துப் பட்டணத்துத் தாமானில் ஒரு வரிசை வீடு வாங்குகிறார்கள். வாங்கிய கையோடு முதலில் எழும் எண்ணம், "பின்னால் குசினியைக் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாமே" என்பதுதான். தோட்டத்தில் நான்கு பலகையும் இரண்டு தகரமும் கிடைத்தால் அடுப்படிக்கு ஒரு தாழ்வாரம் எழும்பிவிடும். மானேஜரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றிருந்த தோட்டங்களும் உண்டு. தாமானில் அப்படிச் செய்ய முடியுமா? ஒரு மாநிலத்தில் அண்ணன் கட்டியதைப் போலவே, அடுத்த மாநிலத்தில் தம்பியும் கட்டலாமா? இன்று நாம் இதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

முதலில் ஓர் அடிப்படைச் செய்தி. நம் நாட்டின் கூட்டரசு அரசியலமைப்பில், நிலமும் ஊராட்சியும் மாநிலங்களின் பொறுப்பில் வைக்கப்பட்டுள்ளன. ஆகவே, வீடு கட்டும் விதிகளும் மாநிலத்தின் கையிலும், அதன் கீழுள்ள நகராட்சி, மாவட்ட மன்றங்களின் கையிலும் வந்துவிட்டன. முற்காலத்தில் பினாங்கு, மலாக்கா போன்ற நீரிணைக் குடியேற்றப் பகுதிகளுக்கு ஒரு சட்டம்; பேராக், சிலாங்கூர் முதலிய மலாய் மாநிலங்களுக்கு வேறொரு சட்டம் என்றிருந்தது.

இந்த வேறுபாட்டைக் குறைக்கவே 1974ஆம் ஆண்டில் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் இயற்றப்பட்டது. இதுவே 133ஆம் சட்டம். அதன் கீழ் 1984ஆம் ஆண்டில் சீரான கட்டடத் துணைவிதிகள் வகுக்கப்பட்டன. பெயரிலேயே 'சீரான' என்று இருக்கிறது. ஆயினும், அவற்றை ஒவ்வொரு மாநிலமும் தன் அரசிதழில் வெளியிட்ட பிறகே அங்கே அவை நடப்புக்கு வந்தன. பின்னால் செய்யப்பட்ட திருத்தங்களும் அவ்வாறே. பாடத்திட்டம் நாட்டுக்கெல்லாம் ஒன்றாக இருந்தாலும், கால அட்டவணையைப் பள்ளிக்குப் பள்ளி வகுத்துக்கொள்வதில்லையா? அதைப் போன்றதே இதுவும்.

இந்தத் துணைவிதிகள் என்ன சொல்கின்றன? வீட்டின் முதல் அறை 11 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது. இரண்டாவது அறை 9.3 சதுர மீட்டர், மற்ற அறைகள் 6.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும். நமக்குப் பழக்கமான அடிக்கணக்கில், 12 அடிக்கு 10 அடி அறை முதல் அளவுக்குப் போதும். இனிச் சன்னல். அறைத் தரையின் பரப்பில் பத்தில் ஒரு பங்காவது வெளிச்சம் வரும் சன்னலாக இருக்க வேண்டும். அதில் பாதியளவாவது காற்று தடையின்றிப் புகும்படி திறந்திருக்க வேண்டும். 120 சதுர அடி அறைக்கு 12 சதுர அடிச் சன்னல், அதாவது 4 அடிக்கு 3 அடி. பிள்ளைகளிடம் கொடுத்தால் அவர்களே கணக்குப் போட்டுச் சொல்லிவிடுவார்கள்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குசினியை நீட்டும்போது பலர் பின்னறையின் சன்னலை அடைத்துவிடுகிறார்கள். அந்த அறையில் பகலிலும் விளக்குப் போட வேண்டியதாகிறது. புகையும் ஈரமும் தங்கிவிடுகின்றன. அங்கே படுக்கும் குழந்தைக்கும் முதியவருக்கும்தான் முதல் தொல்லை. விதி கேட்பது வெறும் தாளை அன்று, மூச்சுக்காற்றை.

அடுத்து, கடல் கடந்து சபா, சரவாக் பக்கம் பார்ப்போம். 133ஆம் சட்டம் தீபகற்பத்துக்கே உரியது. சரவாக்கில் 1994ஆம் ஆண்டின் கட்டடச் சட்டம் தனியாக உண்டு. தீபகற்பத்தில் 2007ஆம் ஆண்டு முதல், கட்டி முடித்த வீட்டுக்கு நிறைவுச் சான்றிதழ் வழங்கும் பொறுப்பு, வரைபடம் சமர்ப்பித்த கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதற்கு முன் மன்றமே குடிபுகும் தகுதிச் சான்றிதழ் தந்தது. சரவாக் சட்டத்திலோ, குடிபுகும் அனுமதி ஊராட்சி மன்றத்தின் கையில் உள்ளது.

இப்படி வேறுபடுவது வீண் பிடிவாதமா? எல்லாம் அப்படியன்று. 2015ஆம் ஆண்டு ஜூன் 5ஆம் நாள், சபாவின் ரானாவ் பகுதியில் 6.0 அளவில் நில நடுக்கம் ஏற்பட்டது. கினபாலு மலையில் 18 பேர் உயிரிழந்தனர். அதன் பின் 2017ஆம் ஆண்டில் வந்த தேசியத் தர அளவுகள், நில அதிர்வைத் தாங்கும் கணக்கில் தீபகற்பத்தைவிடச் சபாவுக்கு உயர்ந்த அளவை வைத்தன. சரவாக்கின் சிபு வட்டாரத்திலோ ஆழமான கரிச்சதுப்பு மண். வீடு நின்றாலும், சுற்றியுள்ள தரை இறங்கிக்கொண்டே போகும். மண் வேறானால் அடித்தளமும் வேறாகத்தானே வேண்டும்?

இனி அண்ணன் தம்பி கேள்விக்கு வருவோம். அண்ணன் தன் ஊரில் முறையாக அனுமதி பெற்றுக் குசினி கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதைப் பார்த்துவிட்டு, தம்பி தன் ஊரில் அனுமதியில்லாமல் அதே அளவில் கட்டினால், அண்ணனின் தாள் தம்பியைக் காப்பாற்றாது. எழுத்து மூலமான முன் அனுமதியின்றிக் கட்டக்கூடாது என்று 133ஆம் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. மீறினால் அபராதமும் உண்டு, இடிக்கவும் உத்தரவிடலாம். பின்சந்திலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்ட வேண்டும், சிறு வேலைக்குச் சிறு அனுமதி போதுமா, முழு வரைபடம் வேண்டுமா என்பவை மன்றத்துக்கு மன்றம் மாறும். இருபது, முப்பது ஆண்டு உழைப்பில் சேர்த்த பணம் ஒரே நாளில் இடிபாடாகிவிடக் கூடாதல்லவா?

ஆகவே, மூன்று காரியங்கள் செய்வோம். முதலாவது, வீட்டு மதிப்பீட்டு வரி ரசீதை எடுத்து, நம் வீடு எந்த மன்றத்தைச் சேர்ந்தது என்று பார்ப்போம். இரண்டாவது, கொத்தனாருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், அந்த மன்றத்தின் கட்டடப் பிரிவுக்கு நேரில் போய்க் கேட்போம். பாரங்கள் மலாயில் இருக்கும். இடைநிலைப் பள்ளியில் படிக்கும் மகனையோ மகளையோ உடன் அழைத்துச் செல்வோம். மூன்றாவது, "அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று குத்தகைக்காரர் வாயால் சொல்வதை நம்பிவிடாமல், அனுமதிக் கடிதத்தைக் கண்ணால் பார்த்து, அதன் நகலை வீட்டுப் பத்திரத்தோடு பத்திரப்படுத்துவோம்.

சபாவிலோ சரவாக்கிலோ வேலைக்குப் போய் அங்கேயே வீடு வாங்க நினைக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி அனுப்புவோம். நாடு ஒன்றானாலும், வீடு நிற்கும் மண்ணின் விதியைக் கேட்டறிந்த பிறகே கடைக்கால் தோண்ட வேண்டும்.