நடக்கும் எல்லைக்கல்

சுருவிற் கிராமத்தில் ஒருவர் வேலியடைக்கக் கதிகால் நடும்போது அயல்வளவார் வந்து நின்று பார்ப்பது வழக்கம். கதிகால் ஒரு முழம் அப்பால் விழுந்தால் வழக்கு மூன்று தலைமுறைக்கு ஓடும் என்பதை இரு சாராரும் அறிவர். நில அளவையாளர் சங்கிலி பிடித்து அளந்து நாட்டிய கல் நாட்டிய இடத்திலேயே நிற்கும். அடியிலிருப்பது சுண்ணாம்புப் பாறையன்றோ! நாட்டிய கல்லே நடந்து செல்லும் நிலமொன்று தென்துருவப் பக்கத்தில் உண்டு. அங்கே அளந்து அமைப்பது வேலியன்று. ஆகாய விமானம் இறங்கும் ஓடுபாதை.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நமது சுண்ணாம்புப் பாறையின்மேற் பலாலி விமானத்தளம் அமைந்தது. 1947 டிசம்பர் 10ஆம் நாள் எயர் சிலோனின் முதல் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து அவ்வழியே சென்னைக்குப் பறந்தது. அதே இனத்து விமானமொன்றுதான் 1956 ஒக்டோபர் 31ஆம் நாள் தென்துருவத்தில் முதன்முதல் இறங்கியது. பலாலியில் உருண்டவை சக்கரங்கள். துருவத்தில் வழுக்கியவை சறுக்குக்கட்டைகள். 49 நிமிடம் நின்றதற்குள் அவை பனியோடு உறைந்து ஒட்டிவிட்டன. உடலிற் பொருத்தியிருந்த ரொக்கெட்டுகளை எரித்தே விமானம் மேலெழ வேண்டியதாயிற்று. பெரும்பாரத்தைச் சக்கர விமானத்தில் இறக்க வேண்டுமாயின் மெத்தென்ற பனி உதவாது. கல்லையொத்த தரை வேண்டும்.

அத்தரை நீலப் பனிக்கட்டியாகும். பனிக்கட்டியாறுகளின் சில பகுதிகளில் ஓயாது வீசும் வறண்ட காற்று புதுப்பனியைத் துடைத்தெறிய, நெடுங்காலம் அமுங்கிக் காற்றுக்குமிழிகள் சுருங்கிப்போன பழம்பனிக்கட்டி வெளிப்படுகின்றது. அத்தகைய இடங்களை நாடித் திரிந்த அறிஞர் சாள்ஸ் சுவிதின்பாங்க், நம்மவர் பலர் பிழைக்கப் போன பர்மாவிலே பெகு நகரிற் பிறந்தவர் என்பது சுவையான செய்தி.

இடம் கண்டாற் போதாது. மேலே மெல்லிய பனி மூடிய பிளவு கண்ணுக்குப் புலப்படாது. ஆதலால் வானலைகளை உட்செலுத்தி எதிரொலி வாங்கும் ராடரை இழுத்துச் சென்று பாதை முழுவதையும் ஆராய்கின்றனர். அலையலையான மேற்பரப்பை லேசர் ஒளியால் மட்டம் பார்த்துச் சீவுகின்றனர். விமானத்துக்கு நிகரான பாரமேற்றிய வண்டியை உருட்டிப் பார்க்கின்றனர். வெறும் பனிக்கட்டியிற் சக்கரம் வழுக்குமாகையால், சிலவிடங்களில் அமுக்கிய வெண்பனியை மெல்லிய தோல்போற் பரப்புவதுமுண்டு. அது வெய்யிலைத் திருப்பியெறிந்து கீழுள்ள கட்டியையும் காக்கும்.

1982 ஜனவரியில் அந்தாட்டிக்காவை அடைந்த முதல் இந்தியக் குழு கப்பலிற் சென்றது. இன்றோ மைத்திரி நிலையத்துக்குரியோர் பலர் கேப்டவுனிலிருந்து ஏறத்தாழ ஆறு மணி நேரம் பறந்து, ருஷியரின் நோவோலசரெவ்ஸ்காயா நிலையத்தை அடுத்த பனிக்கட்டி ஓடுபாதையில் இறங்குகின்றனர். கடும் நோயாளியை விரைந்து வெளியேற்றவும் அத்தகைய பாதையே துணை. நெடுந்தீவில் நோயாளியோடு படகுக்குக் காத்திருந்தவர்க்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இனிக் கல் நடக்கும் கதை. ஒஸ்திரேலியாவின் கேசி நிலையத்துக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர் தொலைவில், 2008இல் திறக்கப்பட்ட வில்கின்ஸ் ஓடுபாதை பனிக்கட்டியாற்றோடு சேர்ந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 12 மீற்றர் தென்மேற்காக நகர்கின்றது. நம் கணக்கில் இருபத்தாறு முழம்! எந்த நீதவான் இதைத் தீர்ப்பார்? அசையாத கல் அருகில் இன்மையால் செய்மதிகளைக்கொண்டு அளந்து, அகலாங்கு நெட்டாங்குகளைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நகர்வதைக் கணக்கிட்டுவிடலாம், உருகுவதுதான் தொல்லை. வில்கின்சிலேயே நடுக்கோடையில் விமானப் போக்குவரத்தை நிறுத்திவைக்க நேர்ந்ததுண்டு. அமெரிக்கரின் மக்மேடோ நிலையத்தருகே றொஸ் பனிக்கட்டித் தட்டின்மேலிருந்த பெகாசஸ் ஓடுபாதையிலோ, காற்றுச் சுமந்து வந்த கருந்தூசி வெய்யிலை உறிஞ்சிக் குழிகளைத் தோண்டிற்று. செப்பனிட்டுச் செப்பனிட்டுச் சலித்து, 2016 டிசம்பரில் அதனைக் கைவிட்டனர். 2017இல் அதற்கீடாக வந்த பீனிக்ஸ், உருளைகளால் அமுக்கி இறுக்கிய வெண்பனியாலானது.

பெகாசஸ் என்பது 1970 ஒக்டோபர் 8ஆம் நாள் பனிப்புயலிடையே அப்பகுதியில் இறங்கி நொறுங்கிய விமானத்தின் பெயர். அதிலிருந்தோர் எவரும் இறக்கவில்லை. அவர்களை இறக்கிவிட்ட அவ்விமானம் பனியிற் புதைந்தபடி அங்கேயே கிடக்கின்றது.