உங்களுக்குத் தெரியுமா? அலுவலகத்துக்கு மெதுவாகக் கற்பவர்களும் தேவை

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் பிறந்ததற்கு ஒரு பஞ்சமும் காரணம். 1876-78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியப் புள்ளிகள் கூடிக் குறைவதற்கும் பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்று அரசு அறிய விரும்பியது. 1899-ல் மலைமேல் ஆய்வகம் வந்தது. 1904 முதல் அங்கே எடுத்து வந்த சூரியப் படங்கள் இப்போது கணினியில் ஏறி, அன்று யாரும் கேட்காத கேள்விகளுக்கும் பயன்படுகின்றன.

*

அங்கே 1907-ல் வந்து சேர்ந்தவர் ஜான் எவர்ஷெட். அதுவரை வானியல் அவருக்குச் சம்பள வேலை அல்ல, சொந்த ஆர்வம். சூரியப் புள்ளிகளைச் சுற்றிச் சுழல்கள் இருப்பதாக அமெரிக்க வானியலாளர் ஹேல் 1908-ல் சொல்லியிருந்தார். அந்தச் சுழற்சியைத்தான் எவர்ஷெட்டும் தேடினார். 1909 ஜனவரியில் கண்டதோ வேறு: வாயு புள்ளியின் நடுவிலிருந்து வெளிப்புறமாகப் பாய்ந்துகொண்டிருந்தது. எதிர்பார்த்ததை விட்டுக் கண்டதை எழுதினார். உலகம் அதை 'எவர்ஷெட் விளைவு' என்கிறது.

*

கண்டதைச் சொல்லும் இப்படிப்பட்டவர்களால் ஒரு நிறுவனம் எப்படிக் கற்கிறது என்பதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜேம்ஸ் மார்ச் 1991-ல் அதைச் செய்தார். உலகம் பற்றி 30 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் சரியான விடை +1 அல்லது –1. ஊழியர்கள் 50 பேர். ஒவ்வொருவர் மனத்திலும் +1, –1, அல்லது கருத்தே இல்லை என்னும் 0. 'இங்கே இப்படித்தான்' என்று அலுவலகத்துக்கும் தனியாக ஒரு விடைத்தாள்; அதுதான் வழக்கம். ஊழியர்கள் அதைப் பார்த்துக் கற்கிறார்கள். அதுவோ தன்னைவிடச் சரியாக இருக்கும் ஊழியர்களைப் பார்த்துத் திருந்துகிறது.

விடை என்ன தெரியுமா? வழக்கத்துக்கு எல்லோரும் சட்டென்று மாறிவிடும் அலுவலகம் கடைசியில் குறைவாகவே கற்கிறது. எல்லோரும் ஒரே மாதிரி நினைக்கத் தொடங்கிய பிறகு, வழக்கத்தைத் திருத்த ஆள் ஏது? மெதுவாக மாறுகிறவர்களால்தான் அது திருந்துகிறது. அளவோடு சிலர் விலகிப் புதியவர்கள் வருவதும் நல்லது. அவர்கள் போனவர்களைவிட அதிகம் அறிந்தவர்கள் என்பதால் அல்ல, வேறு விதமாக நினைப்பவர்கள் என்பதால். இந்தக் கணக்கை ஒவ்வொரு மேலாளரும் படிக்க வேண்டும் என்பேன்.

*

அலுவலகங்கள் முடிவெடுக்கும் விதம் பற்றி இதே ஜேம்ஸ் மார்ச், கோஹன், ஓல்சன் என்னும் இரு ஆய்வாளர்களோடு சேர்ந்து 1972-ல் எழுதிய கட்டுரை 'குப்பைத்தொட்டி மாதிரி'. பிரச்சினை, தீர்வு, ஆட்கள், முடிவெடுக்கும் வாய்ப்பு எல்லாம் ஒரே தொட்டியில் கலந்து, எது எதோடு ஒட்டுகிறதோ அதுவே முடிவாகிறது என்றார்கள். இதைப் போட்டுப் பார்த்த கணினி நிரலையும் கட்டுரையின் கடைசியில் அச்சிட்டார்கள்.

*

மீண்டும் கொடைக்கானலுக்கு வருவோம். அது இருக்கும் பழனி மலையின் உயர்நிலப் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு 1973 முதல் 2014-க்குள் அழிந்துவிட்டது என்கிறது 2018-ல் வெளியான ஓர் ஆய்வு. காரணம், மரத்தோட்டங்களும் விவசாயமும். தோல் பதனிடும் பட்டைக்குச் சீகை, கூழுக்கு யூகலிப்டஸ் என்று நட்ட காலத்தில், புல்வெளி வெறும் தரிசு என்பதே அலுவலக வழக்கம். உண்மையில் ஆற்றுக்கு நீர் தரும் நிலம் அது. சீகையை ஒரே அடியாக வெட்டினாலும், மண்ணில் கிடக்கும் விதைகள் கூட்டமாக முளைத்துவிடும். அந்நியத் தாவரங்களை அகற்றி இயற்கை வாழிடங்களை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு 2022-ல்தான் வெளியிட்டது.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் ஓர் இளம் வனக்காப்பாளர் "சார், இது தரிசு இல்லையே" என்று சொன்னால், அந்தச் சொல்லைத் தயவுசெய்து கோப்பில் ஏற்றிவையுங்கள்.