பழைய ஜீப்புக்கு எத்தனை வயது?

மேட்டுப்பாளையத்தில் பழைய ஜீப் ஒன்று விலைக்கு வந்தால், பேச்சு மீட்டரில்தான் தொடங்கும். "ரெண்டு லட்சம் ஓடியிருக்குதுங்களே" என்று வாங்குபவர் இழுப்பார். "மலை வண்டிக்கு அதெல்லாம் ஒரு ஓட்டமாங்க?" என்பார் விற்பவர். இருவருமே அந்த எண்ணை நம்பிப் பேசுகிறார்கள். ஆனால் பல பழைய ஜீப்புகளின் மீட்டரில் கிலோமீட்டருக்கு ஐந்து இலக்கங்கள்தான். 99,999 தாண்டியதும் மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கிவிடும். 43,000 காட்டும் வண்டி ஓடியது 43,000 தானா, அதற்கு மேல் ஒரு லட்சமா, இரண்டு லட்சமா என்று மீட்டரைப் பார்த்துச் சொல்ல முடியாது. கேபிள் அறுந்து கிடந்த காலக் கணக்கும் அதில் ஏறாது.

சரி, எண் உண்மையாகவே இருக்கட்டும். அப்போதும் அது வண்டியின் வயதைச் சொல்லிவிடாது. இஞ்சின் தேய்வது ஒரு கணக்கில். சேஸ் கெடுவது வேறொரு கணக்கில். பிரேக்குக்கு இறங்கிய மலைகள் கணக்கு, ரப்பருக்குக் கழிந்த ஆண்டுகள் கணக்கு. வாங்கலாமா வேண்டாமா என்ற கேள்விக்கு விடை இந்தத் தனித்தனி வயதுகளில்தான் இருக்கிறது.

இந்த ஊரில் இந்த வண்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டிருப்பதற்குக் காரணம் நீலகிரி. கேரட்டும் உருளைக்கிழங்கும் இறங்கும் மண்டிகள் இங்கே. அவை விளையும் சரிவுகளும் தேயிலை எஸ்டேட் மண்பாதைகளும் மேலே. அங்கே ஏறும் ஜீப்பின் வம்சக் கதை இது: மஹிந்திரா நிறுவனம் 1947இல் வில்லிஸ் ஜீப்புகளைப் பூட்டத் தொடங்கியது. 1979இல் பிரான்சின் பெஜோ நிறுவனத்திடமிருந்து எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இஞ்சினுக்கு உரிமம் பெற்றது. மஹிந்திராவின் எம்.எம். 540 ஜீப்பின் முன்மூடியைத் தூக்கினால் தெரிவது அந்த வம்சம்தான்: நான்கு சிலிண்டர், 90 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் துளையின் விட்டம்), 83 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 2,112 சி.சி.

இந்த 83 மில்லிமீட்டரை வைத்து ஒரு கணக்குப் போடலாம். ஜீப்பின் 16 அங்குலச் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 440 முறை சுழலும். டாப் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற இஞ்சின் ஏறக்குறைய ஐந்து சுற்றுச் சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், கிலோமீட்டருக்கு 2,200 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் 83 மில்லிமீட்டர் ஏறி, அதே அளவு இறங்குகிறது. ஆக, வண்டி சாலையில் ஒரு கிலோமீட்டர் போவதற்குள் பிஸ்டன் சிலிண்டர் சுவரை உரசியபடி 365 மீட்டர் பயணம் செய்துவிடுகிறது. இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு இது 73,000 கிலோமீட்டர். பூமியின் சுற்றளவே 40,000தான். அதுவும் சமவெளிக் கணக்கு. மலையடிவாரத்துக் கல்லாறு தாண்டி இரண்டாவது கியரில் ஏறத் தொடங்கினால், ஒரு கிலோமீட்டர் சாலைக்கு பிஸ்டன் ஏறத்தாழ முக்கால் கிலோமீட்டர் உரசும்.

இவ்வளவு உரசியும் எவ்வளவு தேய்கிறது? போரின் விட்டம் 0.2 மில்லிமீட்டர் பெருத்துவிட்டது, ரீபோர் செய்ய வேண்டியதுதான் என்ற நிலை என்று கொள்வோம். ஒரு பக்கச் சுவரில் தேய்ந்தது 0.1 மில்லிமீட்டர். அதை 73,000 கிலோமீட்டருக்குப் பங்கிட்டால், ஒரு கிலோமீட்டர் உரசலுக்கு இரும்பின் ஐந்தாறு அணு அடுக்குகள்தான் சராசரியாகப் போயிருக்கின்றன. இரும்பும் இரும்பும் நேராக உரசியிருந்தால் இஞ்சின் அன்றைக்கே இறுகி நின்றிருக்கும். நடுவில் நிற்பது ஆயில் படலம். அதன் கனம் பெரும்பாலும் ஒன்றிரண்டு மைக்ரான். தலைமுடியின் கனமே 70 மைக்ரான் அளவில் இருக்கும். பிஸ்டன் வேகமாக நகரும்போது அந்த வேகமே ஆயிலை இடுக்குக்குள் இழுத்துப் படலத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. ஆனால் உச்சியில் பிஸ்டன் ஒரு கணம் நின்று திரும்ப வேண்டும். வேகம் சுழியம், படலம் நொறுங்கும், அதே இடத்தில்தான் எரிபொருள் வெடிக்கும் சூடும் அழுத்தமும். தேய்மானத்தில் பெரும்பங்கு அந்த மேல் விளிம்பில் விழுவது இதனால்தான். ஹெட்டைக் கழற்றிய பட்டறைக்காரர் சிலிண்டரின் மேல் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்ப்பார். நகம் திட்டில் தட்டினால் அளவுக் கருவியை எடுப்பதற்கு முன்பே அவருக்குப் பாதி தெரிந்துவிடும்.

படலமே இல்லாத இன்னொரு நேரம், இரவெல்லாம் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும் நேரம். ஆயில் வடிந்து கீழே கிடக்கும். குளிர்ந்த சுவரில் எரிப்பின் ஈரம் படியும். டீசலில் உள்ள கந்தகம் அந்த ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகும். இஞ்சின் நன்றாகச் சூடேறி நீண்ட தூரம் ஓடினால் இந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். எஸ்டேட்டுக்குள் பங்களாவுக்கும் ஃபாக்டரிக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் ஓடி, நின்று, மறுபடி கிளம்பும் வண்டிக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஆகவே 60,000 மட்டும் ஓடிய எஸ்டேட் ஜீப்பைவிட, கோவைக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் தினமும் ஓடி இரண்டு லட்சம் தொட்ட ஜீப்பின் இஞ்சின் இளமையாக இருக்கலாம். குறைந்த கிலோமீட்டர் என்று கூடுதல் விலை கொடுப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

டீசல் இஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை இருபது மடங்கு அளவுக்கு அமுக்கும்போது அதன் சூடு 500 டிகிரியைத் தாண்டும்; அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்ளும். பிஸ்டன் ரிங்கும் போரும் தேய்ந்திருந்தால் அமுக்கும்போதே காற்று கசிந்து, சூடு போதாமல் போகும். மேட்டுப்பாளையத்தின் மதிய வெயிலில் உள்ளே போகும் காற்றே 35 டிகிரி. தேய்ந்த இஞ்சினும் சட்டென்று பிடித்துக்கொள்ளும். அதே வண்டியைக் கோத்தகிரியில் ஓர் இரவு நிறுத்தி, பத்து டிகிரிக் குளிரில் கிளப்பிப் பார்க்க வேண்டும். அது முடியாவிட்டால் சொன்ன நேரத்துக்கு முன்பே போய் முன்மூடியில் கையை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன் யாரோ கிளப்பி வைத்திருக்கிறார்கள். இதில் ஒரு திருப்பமும் உண்டு. பெஜோ வகை இஞ்சினில் எரிப்பு முதலில் ஒரு சிற்றறையில் தொடங்குவதால், கிளப்பும்போது ஹீட்டர் பிளக்கின் உதவி வேண்டும். அது கெட்டிருந்தாலும் வண்டி இதே போல முரண்டு பிடிக்கும். ஒன்று சில நூறு ரூபாய் நோய், மற்றது இஞ்சினையே பிரிக்கும் நோய், அறிகுறி ஒன்றே.

பிரித்தறிய எளிய வழி, ஓடும் இஞ்சினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறப்பது. பட்டறை மொழியில் 'பேக் கம்ப்ரஷன்': ரிங்கைத் தாண்டிக் கீழே வந்த வாயு, மூடி வழியே புகையாகக் குபுகுபுவென்று அடிக்கும். சைலன்சரில் நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. கரும்புகையைக் கண்டு மட்டும் அவசரப்பட வேண்டாம். ஊட்டியின் உயரம் 2,200 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட 23 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத பழைய இஞ்சினின் டீசல் பம்ப், கீழே ஊற்றிய அளவு டீசலையே மேலேயும் ஊற்றும். எரிக்கக் காற்றுப் போதாமல் கரி வரும். கல்லாறில் தெளிவாக ஓடி ஊட்டியில் கறுக்கும் வண்டிக்கு நோய் என்று எதுவும் இருக்க வேண்டியதில்லை.

ஏறுவதைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். எனக்கு இறக்கம்தான் பெரிய சோதனையாகத் தோன்றுகிறது. குன்னூர் ரயில் நிலையம் சுமார் 1,700 மீட்டர் உயரத்தில்; மேட்டுப்பாளையம் 330 மீட்டருக்குப் பக்கத்தில். ஆளும் சுமையுமாக இரண்டு டன் எடையுள்ள ஜீப் ஏறத்தாழ 1,400 மீட்டர் இறங்கும்போது 2.7 கோடி ஜூல் ஆற்றலை எங்கேயாவது கொட்டியாக வேண்டும். 85 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் அது. பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். மூடிய கிண்ணத்துக்குள் சூடு சிக்கிக்கொள்ளும். ஏறும் கியரிலேயே இறங்கு என்ற டிரைவர் விதி, அந்த வெப்பத்தில் பெரும்பங்கை இஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் திருப்பிவிடும் ஏற்பாடு. நியூட்ரலில் விட்டால் அத்தனையும் டிரம்முக்கு.

இங்கே மறைந்திருக்கும் எதிரி ஒன்று உண்டு. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகைப் புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரவிதி. அதே ஆயிலில் 3.7 சதவீதம் நீர் சேர்ந்த பின் 140 டிகிரி தாங்கினால் போதும் என்று அந்த விதியே ஒப்புக்கொள்கிறது. வீல் சிலிண்டருக்குள் ஆயில் கொதித்தால் ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த கால் தரைவரை போகும், வண்டி நிற்காது. சூடு ஆறியதும் பிரேக் பழையபடி பிடிப்பதால், கீழே நிறுத்திச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. பழைய வண்டி வாங்கியவர் முதல் செலவாகச் செய்ய வேண்டியது ஆயிலை முழுக்க வடித்து மாற்றுவது. பாட்டுப் பெட்டி, கூடுதல் விளக்கெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆனாலும் இஞ்சின், பிரேக் எல்லாமே பணத்தால் தீரும் விஷயம். கோவைக்காரர்களுக்கு இதில் ஒரு தைரியம் உண்டு; மோட்டாரும் பம்பும் செய்யும் ஊர், லேத்துக்குப் பஞ்சமில்லை. கோவை அருகே கலங்கலில் பிறந்த ஜி.டி. நாயுடு, ஹோட்டலில் வேலை செய்து சேர்த்த பணத்தில் ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டித்தான் இயந்திரத்தைக் கற்றார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அவர் பேருந்து ஓடத் தொடங்கியது. பிரித்துப் பார்ப்பதில் ஆசை உள்ளவருக்குப் பழைய ஜீப் தரும் இன்பத்தைக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். தினமும் வேலைக்குப் போய்வர வண்டி தேடுபவர் அந்த இன்பத்தை விலைக்கு வாங்கிவிடக் கூடாது.

சேஸின் வயதுதான் விசித்திரம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ரயில் அச்சுகள் காரணமில்லாமல் முறிவதை ஆராய்ந்த ஆகஸ்ட் வோலர் என்ற ஜெர்மானியப் பொறியாளர், அச்சுகளை மீண்டும் மீண்டும் வளைத்துச் சோதித்தார். ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளைத்தால் எஃகு சில ஆயிரம், சில லட்சம் முறைக்குள் முறிந்தது. அந்த அளவுக்குக் கீழே வளைத்தால், எத்தனை முறை வளைத்தாலும் முறியவே இல்லை. நன்றாக வடிவமைத்த சேஸ் அந்த எல்லைக்குக் கீழேயே உழைப்பதால், லட்சக்கணக்கான குழிகளையும் அது எண்ணுவதே இல்லை.

துரு வந்தால் எண்ணத் தொடங்கிவிடும். அரிப்புக் குழி ஒவ்வொன்றும் இழுவிசை குவியும் முனை. ஈரத்தில் வளையும் எஃகுக்கு வோலர் கண்ட அந்தப் பாதுகாப்பு எல்லை இல்லாமல் போகிறது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், இரண்டு தகடு சேரும் இடத்தில் உள்ளிருந்தே பிளக்கும். மலைமழையில் நனைந்து, சேஸின் மூலைகளில் சேறு அப்பியபடி நிற்கும் வண்டியில் இது ஓடினாலும் நடக்கும், ஓடாவிட்டாலும் நடக்கும். ஷெட்டில் பத்து ஆண்டு சும்மா நின்றதைப் பெருமையாகச் சொல்லும் விளம்பரங்களை நான் நம்பாததற்குக் காரணம் இதுதான். கமான் பட்டை சேரும் முனைகளிலும், ஸ்டியரிங் பெட்டி பூட்டிய இடத்திலும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல எஃகு கணீரென்று ஒலிக்கும். அரித்தது மொத்தென்று அடங்கும். புதுப் பெயின்ட் கனமாகப் பூசிய இடத்தில் இன்னும் ஒரு தட்டு. வெல்டிங் போட்ட தழும்பு இருந்தால், அந்தத் தழும்பின் ஓரமே அடுத்த விரிசல் பிறக்கும் இடம்.

ரப்பருக்கு நிற்பதே வயது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தைப் படித்தால் போதும்: 2316 என்றால் 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். மேலே பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த வயதுதான் கணக்கு.

இத்தனையும் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த இடைவெளி ஒரு சந்தையை என்ன செய்யும் என்று ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970இல் பழைய கார்களை வைத்தே எழுதினார்; 2001இல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது. எது நல்லது என்று தெரியாததால் வாங்குபவர் சராசரி விலைதான் தருவார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் தரமாட்டார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது மோசமான வண்டிகள். இதற்கு மருந்து மூன்றாவது ஆள்: இரண்டு பக்கமும் கமிஷன் வாங்காத பட்டறைக்காரர். அவருக்கு அரைநாள் கூலி கொடுப்பதைப் பெரிய செலவாக நினைக்கிறவர்கள், பிறகு ஹெட் கேஸ்கட்டுக்கு அதைவிட அதிகம் கொடுக்கிறார்கள்.

பழையதைக் கைமாற்றாமல் புதுப்பித்துக்கொண்டே ஓட்டும் நேர்மாறான ஏற்பாட்டை மேட்டுப்பாளையம் ரயில் நிலையத்திலேயே பார்க்கலாம். 1 அடி உயர 12 அடி ஓடும் சரிவில் பல்சக்கரம் பற்றி ஏறும் மலை ரயிலின் எக்ஸ் வகை இஞ்சின்கள், சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. அவை தேயத் தேயப் பாகங்களை மாற்றி ஓட்டினார்கள். கடைசியில் திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே வகையில் புது இஞ்சின்களையே செய்தார்கள். ரயில்வே தன் இஞ்சினுக்குப் புது எண் கொடுத்துக்கொள்ளலாம். ஜீப்புக்காரருக்கு அந்த வசதி இல்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுகளுக்கு. பிறகு ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். கார், ஜீப் வகைக்கு 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. வேறு இஞ்சின் மாற்றினால் விண்ணப்பித்து ஆர்.சி.யில் குறித்துக்கொள்ளலாம். சேஸ் எண் அப்படியில்லை. எஃகில் தட்டிய அந்த எண்தான் வண்டியின் அடையாளம். ஆய்வுக்கு நிறுத்தும்போது தாளை அதன் மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுப்பார்கள். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன் நீங்களே ஒரு தாளும் பென்சிலும் கொண்டுபோய்த் தேய்த்துப் பாருங்கள். எண் முழுதாக விழுந்து, ஆர்.சி.யோடு ஒத்துப்போனால், பேக் கம்ப்ரஷனைக் காட்டி விலையைக் குறைத்துக் கேட்கலாம். துரு எண்ணைத் தின்றிருந்தால், இஞ்சின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் பேரம் பேச அங்கே எதுவுமில்லை.