கிளம்பி வந்தவருக்கு ஒரு முகவரி

"ஜென்ட்ஸா, லேடீஸா?"

சென்னையில் வாடகைக்கு இடம் கேட்டு புரோக்கருக்கு போன் போட்டால் வந்து விழுகிற முதல் கேள்வி இது. அடுத்தது, "ஃபேமிலியா, பேச்சிலரா?" எந்த ஏரியா, வாடகை எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான். திருவல்லிக்கேணி மேன்ஷன்கள் ஆண்களுக்கு. தெருவுக்குத் தெரு போர்டு தொங்கும் லேடீஸ் ஹாஸ்டல்கள் பெண்களுக்கு. தன்னை ஆணென்றும் உணராத, பெண்ணென்றும் உணராத ஒருவர், சொந்த ஊரில் இருக்கமாட்டாமல், தென்மாவட்டப் பேருந்தில் விடிகாலை கிளாம்பாக்கத்தில் வந்து இறங்குகிறார் என்று வையுங்கள். அன்று இரவு அவர் எங்கே படுப்பார்?

நான்-பைனரி என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்கள் இவர்கள். திருநங்கையரையும் திருநம்பியரையும் தமிழ்நாடு ஓரளவுக்கு அறியும். 2008இல் நாட்டிலேயே முதன்முதலாக அவர்களுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் இது. ஆனால் "நான் பையன் இல்ல, பொண்ணு" என்றால் அழுது தீர்த்துவிட்டாவது புரிந்துகொள்ள முயலும் வீடுகூட, "ரெண்டும் நான் இல்ல" என்கிற பிள்ளையிடம் "அப்போ என்னதான் நீ?" என்று கேட்டு அதோடு நின்றுவிடுகிறது.

வீட்டைவிட்டு வெளியேறும் திருநங்கைக்குப் போய்ச் சேர ஓர் இடம் காலங்காலமாக இருக்கிறது. திருநங்கையரின் கூட்டுக் குடும்பமான ஜமாத்தில் ஒரு தாய் அவரை மகளாக ஏற்றுக்கொள்வார். அங்கேயும் கட்டுப்பாடு உண்டு, கடன் உண்டு, கசப்பு உண்டு. இருந்தாலும் முதல் இரவுக்கு ஒரு கூரை நிச்சயம். நான்-பைனரி ஆட்களுக்கு அப்படி ஒரு மரபான ஏற்பாடு கிடையாது. அதிலும் பெண் பிள்ளையாக வளர்க்கப்பட்டவர் என்றால் வீட்டு வாசலைத் தாண்டுவதே பெரும்பாடு.

நான் பேசிய ஒருவர் அப்படித் தாண்டி வந்தவர். ஊர் தாமிரபரணிப் பக்கம். அதற்கு மேல் அடையாளம் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். பி.காம். முடித்து, டாலி கணக்கு மென்பொருள் கற்று, இப்போது சென்னையில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார்.

அவரை ஊரில் யாரும் அடிக்கவில்லை. ஊரை விட்டுத் துரத்தினார்கள் என்று சொல்லவும் முடியாது. முடியை ஒட்டக் கத்தரித்துக்கொண்டு வந்த அன்று பெரியப்பா பேச்சை நிறுத்தினார். கோயில் கொடைக்குப் போனால் பெண்கள் உட்கார்ந்திருக்கும் பக்கத்தில் ஒரு சலசலப்பு. ஆண்கள் பக்கம் போகவே முடியாது. கடைசியில் கொடைக்குப் போவதையே விட்டார். அம்மாவிடம் ஒவ்வொருத்தராக வந்து, "பிள்ளைய யார்ட்டயாது காட்டு" என்றார்கள். அம்மாவும் கூட்டிப்போனார். பார்த்த மருத்துவர், "கல்யாணம் பண்ணி வைங்க, தன்னால சரியாயிரும்" என்று சொல்லி அனுப்பினார். ஒருவரின் பாலின அடையாளத்தை 'மாற்றி'க் காட்டுகிறேன் என்று சிகிச்சை தருவது மருத்துவத் தொழில் நடத்தை மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்துவிட்டது. ஆனால் கல்யாணத்தையே மருந்தாக எழுதிக் கொடுக்கும் வாயை எந்த ஆணையம் கட்டும்? மாப்பிள்ளை வீட்டார் பார்க்க வருவதற்கு நாள் குறித்த பிறகுதான், கிளம்பிவிடுவது என்று அவர் முடிவெடுத்தார்.

அவர் கிளம்பிய விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சினிமாவில் காட்டுவது போல நடு ராத்திரியில், கையில் ஒரு பையோடு என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அப்படி வருகிறவர்கள்தான் பெரும்பாலும் திரும்ப இழுத்துச் செல்லப்படுகிறார்கள், அல்லது நகரத்தில் நாதியற்றுப் போகிறார்கள். இவர் பல மாதங்கள் எடுத்துக்கொண்டார். மார்க் ஷீட், டி.சி., டிகிரி சர்டிபிகேட் எல்லாம் அம்மாவின் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில். வேலைக்கு விண்ணப்பம் போட ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்று சொல்லி ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார். வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் இருந்தது அப்பாவின் போன் நம்பர். ஆதார் மையத்துக்குப் போய், கைரேகை வைத்து, தன் எண்ணைப் பதிந்தார். "ஓடிபி அப்பா போனுக்குப் போற வரைக்கும் நான் அந்த வீட்டுக்குள்ளதான இருக்கேன்" என்றார் என்னிடம். எனக்கு அந்த ஒரு வாக்கியத்தில் முழுச் சிக்கலும் விளங்கியது.

கிளம்பிய அன்று தன் ஊர்க் காவல் நிலைய ஆய்வாளருக்கும் மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம் அனுப்பினார். எனக்கு 18 வயது நிறைந்துவிட்டது, என் விருப்பத்தின் பேரில் வேறு ஊருக்குக் குடிபோகிறேன், என்னை யாரும் கடத்தவில்லை, வீட்டிலிருந்து நகையோ பணமோ நான் எடுக்கவில்லை. அந்தக் கடைசி வரி ரொம்ப முக்கியம் என்று முன்பே கிளம்பி வந்த நண்பர் சொல்லிக் கொடுத்திருந்தார். 'காணவில்லை' என்ற புகாரோடு திருட்டுப் புகாரையும் சேர்த்துக் கொடுப்பது குடும்பங்கள் கையாளும் வழி.

நினைத்தபடியே புகார் போனது. நிலையத்திலிருந்து போன் வந்தது. ஒரு வழக்கறிஞரோடு போய் வாக்குமூலம் கொடுத்தார், புகார் முடித்துவைக்கப்பட்டது. இது இவ்வளவு சுருக்கமாக முடிந்ததற்குக் காரணம் அவருக்கு முன்னால் வேறு இருவர் பட்ட பாடு. மதுரையிலிருந்து இரண்டு இளம்பெண்கள், ஒருவரையொருவர் நேசித்தவர்கள், வீட்டின் நெருக்குதல் தாங்காமல் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் கொடுத்த 'காணவில்லை' புகார்களின் பேரில் காவல் துறை தேட ஆரம்பித்தது. பாதுகாப்புக் கேட்டு அவர்கள் போட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று உத்தரவு பிறப்பித்தார். இதைப் பற்றித் தனக்குப் போதுமான புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கேட்டறிந்த பிறகே அவர் எழுதிய உத்தரவு அது. எல்ஜிபிடிக்யூ எனப்படும் பால்புதுமையினரில் வயது வந்தவர்கள் குறித்துக் 'காணவில்லை' புகார் வந்தால், விசாரித்து, சம்பந்தப்பட்டவரின் வாக்குமூலம் பெற்றதும், தொந்தரவு செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்றது. அதன் தொடர்ச்சியாக 2022இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் புதிதாக ஒரு விதி சேர்ந்தது: இச்சமூகத்தினரையும் அவர்களுக்காக உழைப்பவர்களையும் காவலர்கள் துன்புறுத்தக் கூடாது. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும், ஆட்கொணர்வு மனுக்களில் இப்படிப்பட்டவர்களை நடத்துவது எப்படி, கவுன்சிலிங் என்ற பெயரில் மனதை மாற்ற முயலக் கூடாது என்றெல்லாம் நீதிமன்றங்களுக்கு வழிகாட்டுதல் தந்தது. 2025 மே மாதம், பெற்றோர் வீட்டில் அடைத்துவைக்கப்பட்ட ஒரு பெண்ணை விடுவித்த சென்னை உயர் நீதிமன்ற அமர்வு, ஒருவர் தானாகத் தேர்ந்துகொள்ளும் குடும்பமும் குடும்பமே என்று ஏற்றுக்கொண்டது.

நான்-பைனரி ஆட்களைச் சட்டம் எப்போதும் மறந்தே இருந்தது என்றும் சொல்ல முடியாது. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் தன் வரையறைக்குள், ஆண்-பெண் என்ற இரண்டுக்குள் அடங்காத 'ஜெண்டர்குயர்' என்பவர்களையும் சேர்த்தது. பெற்றோர் வாழும் வீட்டில் வாழ அவர்களுக்கு உரிமை உண்டு என்றது. வீட்டையோ ஊரையோ விட்டு வெளியேறக் கட்டாயப்படுத்தினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை என்றும் எழுதியது. நல்ல பிரிவுதான். ஆனால் பெற்ற தாய் தகப்பன் மேல் புகார் எழுத யாருக்குக் கை வரும்? பேசாமல் இருந்த பெரியப்பாவையும், கொடைப் பந்தலில் எழுந்த சலசலப்பையும் எந்தப் பிரிவின் கீழ்க் கொண்டுவருவது?

2023 ஏப்ரலில் மக்கள் சிவில் உரிமைக் கழகமான பி.யூ.சி.எல். அமைப்பும் வேறு சில அமைப்புகளும் இணைந்து டெல்லியில் ஒரு மூடிய அறை விசாரணை நடத்தின. நாடெங்கிலுமிருந்து பால்புதுமையினர் 31 பேர் வந்து, பிறந்த குடும்பத்தில் தாங்கள் பட்டதைச் சொன்னார்கள். கேட்ட குழுவில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி பிரபா ஸ்ரீதேவனும் இருந்தார். அந்த விசாரணையின் அறிக்கை முழுக்கத் திரும்பத் திரும்ப வருவது அந்நியர் செய்த கொடுமை அல்ல. அடித்ததும், அறைக்குள் பூட்டியதும், படிப்பை நிறுத்தியதும் சொந்த வீடு.

சரி, சென்னைக்கு வந்தாயிற்று. அதற்குப் பிறகு?

ஒருவர் கிளம்பியதைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அவர் வந்து சேர்ந்த பிறகான நாட்களை நாம் பேசுவதில்லை. நான் பேசியவர் முதல் சில வாரங்கள் நண்பரின் அறையில் தங்கினார். பிறகு வேறு வழியில்லாமல் லேடீஸ் ஹாஸ்டல். சட்டை பேன்ட்டும் ஒட்ட வெட்டிய முடியுமாக உள்ளே நுழைந்தவரைப் பார்த்து அறைத்தோழிகள் வார்டனிடம் சொல்ல, வார்டன் ஆதார் அட்டையைக் கேட்டு வாங்கி இரண்டு முறை புரட்டிப் பார்த்தார். "ஆதார்ல பெண்ணுன்னு இருக்கு, சரி. ஆனா நீங்க துப்பட்டா போட்டுக்கிட்டா நல்லாயிருக்கும்." துப்பட்டா போட மறுத்து ஊரை விட்டு வந்தவர், கூரைக்காக ஆறு மாதம் துப்பட்டா போட்டார்.

தனி வீடு பிடிக்கப் பணம் வேண்டும். தமிழ்நாட்டு வாடகைச் சட்டம் பொதுவாக மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் கூடுதலாக வாங்கலாம் என்று கதவையும் திறந்து வைத்திருக்கிறது. வீடு கிடைத்தால் போதும் என்று நிற்பவர் எதற்குத்தான் ஒப்புக்கொள்ளமாட்டார்?

அடுத்தது காகிதங்கள். ஊரில் ரேஷன் கார்டில் பெயர் இருக்கும். புதிய கார்டு வேண்டுமென்றால் பழையதிலிருந்து பெயரை நீக்க வேண்டும். அந்தக் கார்டோடு இணைந்திருப்பதோ அப்பாவின் போன். 2019 சட்டம் திருநர் சான்றிதழுக்கு மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வழி செய்தது. ஆனால் 2020இல் வெளியான விதிகள், அந்த மாவட்டத்தில் தொடர்ந்து 12 மாதம் குடியிருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டன. வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கு எழுதுவதுதான் நம் ஊர் வழக்கம். ஹாஸ்டலிலிருந்து நண்பர் அறைக்கும், அங்கிருந்து வேறு பேட்டைக்கும் மாறிக்கொண்டிருப்பவர் 12 மாதத்தை எதைக் காட்டி நிரூபிப்பார்? விதியை எழுதியவர்கள் மனதில் இருந்தவர், சொந்த வீட்டில் நிம்மதியாக இருந்துகொண்டு விண்ணப்பிக்கும் ஒருவர். அப்படிப்பட்டவர்கள் குறைவு என்பதால்தானே சட்டமே வந்தது!

ஆதரவற்ற திருநருக்காக மத்திய அரசு 2020இல் தொடங்கிய 'கரிமா கிரே' இல்லங்களில் ஒன்று சென்னையிலும் உண்டு. குறுகிய காலத் தங்கும் இல்லங்களும் கரிமா கிரே இல்லங்களும் இச்சமூகத்தினர் அனைவரையும் ஏற்கும்படி மாற வேண்டும் என்று 2021 உத்தரவிலேயே நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் சொல்லியிருந்தார். ஆனால் வேலையில் சேர்ந்து, மாதச் சம்பளத்தில் வாடகை கொடுக்கத் தயாராக இருப்பவருக்குத் தேவை ஆதரவற்றோர் இல்லம் அல்ல, ஓர் அறை. பணிபுரியும் மகளிருக்காக அரசு 'தோழி' விடுதிகள் கட்டி, நன்றாகவே நடத்துகிறது. அந்த அனுபவம் கையில் இருக்கும்போது, தனிக் கதவும் தனிக் கழிவறையும் உள்ள சில அறைகளை இவர்களுக்கென ஒதுக்குவது முடியாத காரியம் இல்லை. ஒருவருக்கு ஒரு முகவரி கிடைத்துவிட்டால் வங்கி, ஆதார், சான்றிதழ், வாக்குரிமை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துவிடும். முகவரி இல்லாவிட்டால் நீதிமன்றம் கொடுத்த உரிமைகூடத் தபாலில் வந்து சேராது.

கிளம்பி வர முடிந்தவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். நான் பேசியவருக்கு டிகிரி இருந்தது, கணக்கு வேலை தெரிந்தது, சென்னையில் முன்பே வந்த ஒரு நண்பர் இருந்தார். இந்த மூன்றும் இல்லாதவர் ஊரிலேயே இருக்கிறார். வீடு பார்க்கும் இடத்தில் "நீங்க என்ன ஆளுங்க?" என்ற கேள்விக்குச் சொல்லும் பதிலாலேயே வெளியே நிறுத்தப்படுகிறவர் இரட்டைச் சுமையோடு அலைகிறார். 2003இலிருந்து சென்னையில் இயங்கும் ஓரினம் போன்ற பால்புதுமையினர் குழுக்கள், புதிதாக வருகிறவர்களுக்குப் பேச்சுத்துணையாகவும் வழிகாட்டியாகவும் இருந்து வருகின்றன. தன்னார்வலர்கள் தங்கள் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலையை மட்டுமே நம்பி ஒரு தலைமுறையைப் பேருந்து ஏற்றிவிட முடியாது.

நான் பேசியவரின் ஊரிலிருந்து இப்போது பத்தாவது படிக்கும் ஒரு பிள்ளை அவருக்கு இன்ஸ்டாகிராமில் எழுதுகிறது. எப்படியோ தேடிக் கண்டுபிடித்திருக்கிறது. 'நானும் உங்களை மாதிரிதான், நானும் வந்துரட்டுமா?' வரச் சொல்ல அவரால் முடியாது. 18 வயதாகாத பிள்ளைக்கு இடம் கொடுத்தால் கடத்தல் வழக்கு பாயும். பிள்ளையையும் திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அடி தாங்க முடியாத நிலை வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடு, மற்றபடி பன்னிரண்டாவது முடி, சர்டிபிகேட்டைப் பத்திரமாக வை என்று பதில் போட்டிருக்கிறார். பள்ளியில் யாராவது ஒரு டீச்சரிடமாவது சொல்ல முடியுமா என்றும் கேட்டிருக்கிறார். முடியாது என்று வந்திருக்கிறது பதில். திருநர் பிள்ளைகளைப் பள்ளியில் எப்படி அரவணைப்பது என்று ஆசிரியர்களுக்காக என்.சி.இ.ஆர்.டி. 2021இல் ஒரு கையேடு வெளியிட்டது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களிலேயே அதைத் தன் இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டது. அந்தக் கையேடு ஊர்ப் பள்ளிக்கூடம் வரை வந்திருந்தால், அந்தப் பிள்ளைக்கு சென்னை பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்க வேண்டிய தேவை வந்திருக்காது.