கருவி மாட்டிய குழந்தையோடு வெளியே போவோம்

பிள்ளை பிறந்ததும் அதன் வலது காதில் பாங்கு சொல்கிறோம். அந்தக் காதுக்குக் கேட்கிறதா என்று பார்ப்பதோ, பல வீடுகளில் இரண்டு வயது தாண்டிய பிறகுதான். "அவங்க அத்தாவும் மூணு வயசுலதான் பேசுனாரு" என்று நன்னி சொல்வார். தட்டு விழுந்தால் திரும்பிப் பார்க்கிறதே என்பார் மாமா. தட்டு விழும்போது தரை அதிர்வதும் குழந்தைக்குத் தெரியும், பக்கத்தில் ஒருவர் அசைவதும் தெரியும். திரும்பிப் பார்ப்பதை வைத்து மட்டும் காது கேட்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

சோதனை எளிது. தூங்கும் குழந்தையின் காதில் சிறு குமிழ் வைத்துச் சில நிமிடங்களில் செய்வது ஓஏஇ சோதனை. அதில் சந்தேகம் வந்தால் தலையில் மின்முனைகளை ஒட்டிச் செய்யும் பெரா சோதனை. இரண்டிலும் வலி கிடையாது. ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் குறைபாடு உண்டா என்ற உறுதி, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பது மருத்துவர்கள் வகுத்திருக்கும் காலக்கணக்கு. மதுரையில் இருப்பவர்கள் அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் தொடங்கலாம். சாதாரணக் கருவியால் பயன் கிடைக்காத அளவுக்குக் குறைபாடு இருந்தால், காக்ளியர் இம்ப்ளாண்ட் அறுவைச் சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உண்டு. தகுதியுள்ள குடும்பங்களின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத்தான் அது. ஆறு வயது கடைசி வரம்பு என்பதை மறக்க வேண்டாம். ஐந்து வயது வரை காத்திருந்தால், மொழி மிக வேகமாக வளரும் காலம் கையை விட்டுப் போயிருக்கும்.

யாருடைய குற்றம் என்ற பேச்சும் வேண்டாம். சொந்தத்துக்குள் திருமணம் செய்வது இந்தக் குறைபாட்டின் வாய்ப்பைக் கூட்டும் என்பது உண்மை. ஆனால் குடும்பத்தில் யாருக்குமே இல்லாத வீடுகளிலும் இப்படிக் குழந்தைகள் பிறக்கின்றன. கைக்குழந்தையோடு அலையும் தாயை நிற்க வைத்து விசாரிப்பதால் யாருக்கும் எதுவும் கேட்கப் போவதில்லை.

கருவி மாட்டியதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கருவி ஒலியைத்தான் கூட்டும். அந்த ஒலிக்கு என்ன பொருள் என்பதைக் குழந்தை வீட்டாரின் பேச்சிலிருந்துதான் கற்க வேண்டும். வாரத்தில் ஓரிரு மணி நேரப் பயிற்சி வகுப்பு அதற்குப் போதாது. இன்னொரு சங்கடமும் உண்டு. வகுப்புக்குப் போவதும் தாய்தான், பேசிக் கொடுப்பதும் தாய்தான். கடையைத் திறந்து இரவு பத்து மணிக்கு வீடு திரும்பும் அத்தாவின் குரல் குழந்தைக்கு அந்நியக் குரலாகவே இருந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமையில் குடும்பத்தோடு வெளியே போகச் சொல்வது முக்கியமாக இதற்காகத்தான். அன்று குழந்தையை இடுப்பில் தூக்க வேண்டியவர் அத்தா.

இடுப்பில் என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். ஒரு மீட்டரில் தெளிவாகக் கேட்ட பேச்சு நான்கு மீட்டரில் 12 டெசிபெல் மங்கிவிடும். எட்ட நின்று கத்துவதைவிடப் பக்கத்தில் வந்து இயல்பான குரலில் பேசுவதே மேல். கத்தினால் ஓசை கூடும், சொற்கள் உருக்குலையும். வெளியிடத்துக்கு ஒரு நன்மையும் இருக்கிறது. கல்யாண மண்டபத்தில் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பும் எதிரொலி பேச்சைக் குழப்பும். கண்மாய்க் கரையில் அந்தத் தொல்லை இல்லை.

மாலை நேரத் தெப்பக்குளம் அழகுதான். ஆனால் ஹார்ன் சத்தமும் கூட்டமும் சேர்ந்த அந்த இரைச்சல் முழுவதையும் கருவி கூட்டித்தான் கொடுக்கும். குழந்தை அதைப் பிடுங்கி எறிந்தால் வியப்பில்லை. தொடக்கத்துக்குக் காந்தி மியூசிய வளாகத்து மரநிழல் நல்லது. சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினால் கீழக்குயில்குடி சமணர் மலை அடிவாரத்தில் தாமரைக் குளத்தை அமைதியாகப் பார்க்கலாம். சற்றுத் தூரம் போகலாம் என்பவர்களுக்கு மேலூர்ப் பக்கம் அரிட்டாபட்டி இருக்கிறது. 2022இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட ஊர் அது. எங்களைக் கேட்டால், உங்கள் ஊர்க் கண்மாய்க் கரையே போதும் என்போம். செலவும் இல்லை, வாரம் தவறாமல் போகவும் முடியும்.

போன இடத்தில் என்ன செய்வது? முதலில் காது, பிறகு கண். மயில் அகவினால் உடனே விரலை நீட்டிக் காட்ட வேண்டாம். உங்கள் காதைத் தொட்டு, "கேட்டுச்சா? என்னமோ கத்துது!" என்று சொல்லுங்கள். இன்னொரு முறை அகவும் வரை பொறுத்துவிட்டு, "மயிலு! அங்க பாரு மயிலு!" என்று காட்டுங்கள். ஆட்டு மந்தை வந்தால் "ஆடு" என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், "ஆடு புல்லு திங்குது, அம்மா ஆட்டுக்குப் பின்னால குட்டி ஓடுது" என்று வாக்கியமாகப் பேசுங்கள். பேசிவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். இந்த மௌனம்தான் பெரியவர்களுக்குச் சிரமம். குழந்தை பதிலாக ஒரு சத்தமோ பார்வையோ தருவதற்குள் நாமே அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறோம். கையால் சைகை காட்டினால் பேச்சு வராமல் போகும் என்ற பயம் வேண்டாம். சைகையும் மொழிக்கு வழிதான்.

காற்றுதான் பெரிய எதிரி. ஒலிவாங்கியின் மேல் காற்று மோதும்போது கருவிக்குள் பேரிரைச்சல் கேட்கும். ஆடி மாதத்தில் காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். பைக்கில் போகும்போது மெல்லிய பருத்திக் குல்லா உதவும். அப்படியும் அழுதால் கருவியைக் கழற்றிப் பெட்டியில் வைத்து, இறங்கியதும் முதல் வேலையாக மாட்டுங்கள். கருவியைச் சட்டையோடு இணைக்கும் கிளிப் கயிறு இல்லாமல் கண்மாய்ப் பக்கம் போகவே கூடாது. புல்லில் விழுந்த கருவியைத் தேடுவது லேசான வேலையில்லை. கருவி கீச்சென்று கத்தினால் பெரும்பாலும் காது அச்சு தளர்ந்திருக்கும். குழந்தையின் காது வேகமாக வளர்வதால் அச்சை அடிக்கடி மாற்ற வேண்டிவரும். மாற்று பேட்டரியைப் பிள்ளைக்கு எட்டாத பையில் வையுங்கள். தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

"காதுல என்ன அது?" என்று யாராவது கேட்பார்கள். பெரும்பாலும் அது வெறும் ஆவல்தான். "கண்ணுக்குக் கண்ணாடி மாதிரி, காதுக்கு இது" என்று சொல்லிவிட்டு நடக்கலாம். அதற்கு அஞ்சித் துணியால் மூடினால் ஒலிவாங்கியும் சேர்ந்து மூடிக்கொள்ளும். பேரனைக் கூட்டத்துக்குக் கொண்டுவர வேண்டாம் என்று சொல்லும் பெரியவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வளைகுடாவில் வேலை பார்க்கும் அத்தாமார்கள் என்ன செய்வது என்று கேட்கிறார்கள். அன்று எடுத்த படங்களை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். இரவு வீடியோ அழைப்பில், "மயில் பாத்தியா? குட்டி ஆடு ஓடுச்சா?" என்று அதையே அவர் கேட்கட்டும். குழந்தைக்கு முன்பே தெரிந்த சேதி என்பதால் தெளிவில்லாத ஒலியிலும் பிடிபட வாய்ப்பு அதிகம். பேசி முடித்துத் தூங்க வைத்ததும் கருவியின் வியர்வையை உலர்ந்த துணியால் துடைத்து, பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்து மூடுங்கள். காலையில் பிள்ளை கண் விழித்ததும் மாட்ட அது தயாராக இருக்கும்.